நறுமுகை கண்ட கனவும் கடைமடை வாய்க்காலும்

பூவாளிக்காடு கண்ணுசாமி திங்கட்கிழமைதோறும் மனுக் கொடுப்பவர். மூன்று மா, அதாவது ஏறக்குறைய ஒரு ஏக்கர் நிலத்துக்குச் சொந்தக்காரர். ஆற்றுத் தண்ணீர் எல்லா ஊருக்கும் போய்விட்டு, மிச்சமிருந்தால் வந்து சேருகிற கடைமடை அவருடைய ஊர். அந்த மிச்சத்தையும் உள்ளே விடாமல் வாய்க்கால் நெடுகக் காட்டாமணக்கு மண்டிக் கிடந்தது. தூர்வாரச் சொல்லி ஏழு வருஷமாக எழுதுகிறார். ஏழு வருஷமாக ‘பரிசீலனையில் உள்ளது’ என்று பதில் வருகிறது. பரிசீலனை லேசுப்பட்ட வேலையா என்ன, அவர்களையும் அவசரப்படுத்தக் கூடாது.

இந்தப் புரட்டாசியில் குளத்து மோட்டார் தயவில் விட்ட நாற்றுக்கு முப்பது நாள் ஆகிவிட்டது. இன்னும் பத்து நாளில் வயலுக்குத் தண்ணீர் வந்து நடாவிட்டால் அது மாட்டுக்குத்தான். கண்ணுசாமிக்குச் சோறு இறங்கவில்லை.

அன்றைக்கு ஊரில் யாருக்குமே சோறு இறங்கவில்லை. அதற்குக் காரணம் வேறு.

டிவியில் தினமும் மாலை ஏழரைக்கு ‘நாலாவது முடிச்சு’ என்ற தொடர் வரும். அதன் நாயகி நறுமுகை. ஏழு வருஷமாக மாமியாரிடம் படாத பாடு பட்டு, இரண்டு முறை கிணற்றில் விழுந்து, ஒன்றரை வருஷம் கோமாவில் கிடந்து, இப்போதுதான் எழுந்து நடமாட ஆரம்பித்திருந்தாள். அன்றைக்கு அவள் முதுகில் யாரோ தட்டினார்கள். நிமிர்ந்தால் பிளஸ் டூ பரீட்சை ஹால். தூங்கிப் போயிருக்கிறாள். கல்யாணம், மாமியார், கிணறு, கோமா எல்லாம் கனவு. முற்றும் என்று போட்டுவிட்டார்கள்.

கண்ணுசாமியின் மனைவி காத்தாயி கோமாவின்போது நறுமுகை பிழைக்க வேண்டுமென்று தீ மிதித்தவள். மளிகைக்கடை ஹமீதா பானு அவளுக்காக மூன்று நோன்பு வைத்தவர். கோமா கனவென்றால் காலில் பட்ட கொப்புளத்துக்கு என்ன பெயர் என்று காத்தாயி கேட்டாள். நியாயமான கேள்விதான். டிவி பெட்டி அதற்குள் அடுத்த தொடருக்குப் போய்விட்டது.

மறுநாள் காலை கண்ணுசாமி வயலில் நின்றபடி மெயின் ரோட்டைப் பார்த்தார். ஊரே காலிக் குடத்தோடு ரோட்டில் உட்கார்ந்திருந்தது. ஒரத்தநாடு பஸ் நாலு வரிசையாக நின்றது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஏழு வருஷம் கழித்து ஊருக்கு ரோஷம் வந்துவிட்டதே என்று ஒரு கட்டு நாற்றைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். போய் விசாரித்தால், மறியல் நறுமுகைக்காக. அப்புறம் குடம் எதற்கு? மறியல் என்றால் காலிக் குடம் கொண்டுவருவது வழக்கம், அதனால் கொண்டுவந்தார்களாம்.

அரை மணி நேரத்தில் தாசில்தார் எழில்மொழி ஜீப்பில் வந்து இறங்கினார். அவருக்கும் கண் சிவந்திருந்தது, ராத்திரி தூங்கவில்லை போல. புளியமரத்தடியில் அமைதிப் பேச்சுவார்த்தை தொடங்கியது. கோரிக்கை முற்றிலும் நியாயமானது, பரீட்சை ஹால் காட்சியை ரத்து செய்யக் கேட்டு இன்றே கடிதம் போகும் என்று எழுத்துப்பூர்வமாக உறுதி கொடுத்தார். இதுதான் சமயமென்று கண்ணுசாமி வாய்க்கால் பேச்சை எடுத்துவிட்டார்.

தாசில்தார் கோப்பைப் புரட்டினார். அந்த வாய்க்கால் எப்போதோ தூர்வாரப்பட்டுவிட்டது, பணி நிறைவுச் சான்றும் இருக்கிறது என்றார்.

“அம்மா, வாய்க்கா இந்தா உங்க பின்னாடிதான் இருக்கு. ஒரு எட்டு வந்து பாருங்க.”

தாசில்தார் திரும்பவில்லை. “பைல் பிரகாரம் தூர்வாரியாச்சுங்க. வாரலைன்னு நீங்கதான் ஏதோ கனவு கண்டிருக்கீங்க.”

கண்ணுசாமி கூட்டத்தைப் பார்த்தார். நறுமுகையின் கனவை ஒரு ராத்திரிகூடப் பொறுக்காத கூட்டம் இதைக் கேட்டுத் தலையாட்டியது. எம்.ஏ. படித்த பரிதி அவர் கையைப் பிடித்து இழுத்தான். “சித்தப்பா, நல்லா போயிட்டிருக்கு. நடுவுல வாய்க்காலைக் கொண்டாந்து கெடுத்துடாதீங்க.”

நிர்வாகம் முடுக்கிவிடப்பட்டது. ஒன்பதாவது நாள் தொடர் திரும்ப வந்தது. பரீட்சை ஹால்தான் கனவாம், கோமா நிஜமாம். ஊரே வெடி வெடித்தது. காத்தாயி தன் கொப்புளத் தழும்பைத் தடவிப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். அரசாங்கம் நினைத்தால் முடியாதது உண்டா என்று ஹமீதா பானு கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தார்.

அன்று மாலையே கண்ணுசாமிக்கும் கடிதம் வந்தது. ‘வாய்க்கால் தூர்வாரப்படாததாகத் தாங்கள் கண்டது கோப்பின் நிலவரத்துக்குப் புறம்பானது என்பதால் தங்கள் மனு இனிதே முடித்துவைக்கப்படுகிறது.’ கடிதத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனார். அதே சனம், அவர் வீட்டு டிவி முன்னால்தான் உட்கார்ந்திருந்தது. நாளைக்கு ஒரு நாள் எனக்காக அதே ரோட்டில் உட்காருங்கள், நாற்று செத்துக்கொண்டிருக்கிறது என்று கேட்டார்.

“இருங்க, விளம்பரம் போடட்டும்,” என்றாள் காத்தாயி.

விளம்பரம் போட்டார்கள், அரசாங்க விளம்பரம். வாய்க்கால் கொள்ளாமல் தண்ணீர் புரண்டு வந்தது. கரையில் ஒருவர் புதுத் துண்டோடு சிரித்தார். ‘கடைமடைக்கும் காவிரி’ என்ற எழுத்துக்குக் கீழே ஒரு பலகை, அதில் பூவாளிக்காடு வாய்க்கால் என்று எழுதியிருந்தது. நம்ம ஊரு, நம்ம ஊரு என்று எல்லாரும் கை தட்டினார்கள். பரிதி செல்போனில் படம் பிடித்தான்.

காத்தாயி திரும்பினாள். “தண்ணிதான் வந்துருச்சே. இன்னும் என்னத்துக்கு மனு, மனுன்னு?”

கண்ணுசாமி கொல்லைப்பக்கம் போய், மறியலன்று பிடுங்கிக் காய்ந்துபோயிருந்த நாற்றுக் கட்டை அவிழ்த்து மாட்டுக்குப் போட்டார். மாடு கனவு என்று எதையும் ஒதுக்காமல் தின்றது. கையைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்து, காத்தாயிக்குப் பக்கத்தில் இடம் பண்ணி உட்கார்ந்தார்.

“அந்த விளம்பரம் நாளைக்கும் போடுவாங்களா?” என்று கேட்டார்.