மூட்டையின் மறுமுனை

என் முதுகைக் கெடுத்தது கணேசன். என் மனைவியின் அண்ணன், கட்டுகஸ்தோட்டைக் கணேசன். நான் காலில் விழப்போய் இடுப்பு பிடித்துக்கொண்டது என்று இருபது வருஷமாகச் சொல்லித் திரிகிறான். பொய்.

அப்போது நாங்கள் இருவரும் கண்டிக்குப் பக்கத்தில் பல்லேகலவில் ஒரு பிஸ்கட் பக்டரியின் ஸ்டோரில் கோதுமை மா மூட்டை தூக்கினோம். மூட்டை ஐம்பது கிலோ. ஒரு முனை எனக்கு, மறுமுனை அவனுக்கு, ஒரே வீச்சில் அடுக்குக்கு மேலே. தள்ளுவண்டி ஒன்றும் இருந்தது. அதற்கு ஒரு சக்கரம் இல்லாததால் அதையும் நாங்கள்தான் தூக்கி ஓரமாக வைத்தோம்.

இருவரும் கெசுவல். நாளைக்கு வராதே என்றால் போகவேண்டியவர்கள். ஆனால் எனக்கு வாய் மட்டும் பெர்மனன்ட். சித்திரைப் புத்தாண்டு லீவு முடிந்து வேலை தொடங்கும் நாளில் எல்லாரும் மேனேஜருக்கு வெற்றிலை கொடுத்துக் குனிந்து கும்பிடுவார்கள். அன்று காலை பஸ்ஸில் நான் சொன்னேன்:

"இந்த முதுகு மூட்டைக்கு மட்டுந்தான் குனியும் மச்சான். மனுசனுக்குக் குனியாது."

"பேசாம குனிஞ்சிட்டுப் போங்க மாப்ள. ரெண்டு செக்கன் வேல" என்றான் கணேசன்.

அரை பஸ் கேட்டது. (அந்த அரை பஸ்ஸும் எங்கள் பக்டரி ஆட்கள்.)

சுபநேரத்துக்கு ஒவ்வொரு பகுதியும் ஒரு வேலையைத் தொடங்கிக் காட்டவேண்டும். கிளார்க் ஒரு வரி எழுதுவார். ஸ்டோருக்கு ஒரு மூட்டை. (அவருக்கு ஒரு வரி, எங்களுக்கு ஐம்பது கிலோ.) மணி அடித்தது. தூக்கினோம். மூட்டை நெஞ்சு மட்டத்துக்கு வந்த நேரம், இரண்டடி தள்ளி வாசலில் மேனேஜரின் குரல் கேட்டது. கணேசனின் சட்டைப் பையில் வெற்றிலை இருந்தது. முதல் வெற்றிலையைத் தான் கொடுக்கவேண்டும் என்று அவனுக்கு ஆசை. கையை விட்டான்.

ஐம்பது கிலோவும் என் பக்கம் திரும்பியது. நானும் அதோடு திரும்பினேன். இடுப்பில் ஈரத்துணி கிழிந்த மாதிரி ஏதோ கிழிந்தது. மூட்டை பின்னால் விழுந்தது. நான் முன்னால் விழுந்தேன், முழங்கால் மடங்கி, நெற்றி தரையில். பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைக்குமா என்று கையை நீட்டித் தடவினேன். கிடைத்தவை இரண்டு சப்பாத்து. உள்ளே மேனேஜரின் கால்கள் இருந்தன.

மற்றவர்கள் எல்லாம் அரைக் குனிவு குனிகிறவர்கள். சுமையைப் போட்டுவிட்டு வந்து நெற்றி தரையில் பட விழுந்தவனை அந்த மனிதர் அதுவரை பார்த்ததில்லை. "புது சரணய் புத்தே" என்று தலையில் கைவைத்துச் சிங்களத்தில் ஆசீர்வதித்தார். என் கண்ணில் தண்ணீர் கொட்டியது. அதைப் பார்த்து அவருக்கும் கண் கலங்கியது. தோளைப் பிடித்து எழுப்பினார். நான் போட்ட சத்தம் பிஸ்கட் வேகும் அடுப்படி வரைக்கும் கேட்டதாம்.

"விடுங்க, அவருக்கு மனசு பொங்கிருச்சு" என்றார் கிளார்க்.

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாயில் மேனேஜர் ஒரு துண்டு கிரிபத்தை வைத்தார். தேங்காய்ப்பாலில் வெந்த சோறு வாய் நிறைய இருக்கும்போது யாரும் பேசமுடியாது.

"மச்சான்" என்றேன், சோற்றோடு.

"இருங்க மாப்ள" என்று கணேசன் வெற்றிலையை நீட்டிக்கொண்டிருந்தான்.

மறுவாரம் என்னைப் பெர்மனன்ட் ஆக்கிக் கடிதம் வந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்: நான் வாங்கிக்கொண்டேன். நிமிர முடியாததால் குனிந்தபடியே கையெழுத்துப் போட்டேன். முதல் வெற்றிலை கொடுத்த கணேசன் இன்னும் இரண்டு வருஷம் கெசுவல். (கடவுள் இருக்கிறார்.)

பிறகு இடதுகால் மரத்துப்போகத் தொடங்கியது. பாரம் இல்லாத வேலை கேட்டேன். தூக்கும்போது நடந்ததற்குச் சாட்சி உண்டா என்று ஒபிசில் கேட்டார்கள். மற்றவர்கள் பார்த்தது நான் காலில் கிடந்ததைத்தான்; தூக்கியதற்குச் சாட்சி கணேசன் ஒருவன்தான். அவன் போய், "கும்புடக் குனிஞ்சப்ப புடிச்சிக்கிருச்சு மஹத்தயா" என்று சொல்லிவிட்டு வந்தான். கும்பிட்டு வந்த சுளுக்குக்கு லேசான வேலை கிடையாது என்று முடிந்தது. அந்த முதுகோடு இன்னும் ஐந்து வருஷம் மூட்டை தூக்கினேன்.

"ஏன்டா அப்பிடிச் சொன்ன?"

"நான் கைய விட்டேன்னு சொன்னா அன்னைக்கே அனுப்பியிருப்பாங்க மாப்ள. ஒங்களுக்குத்தான் பெர்மனன்ட் கெடச்சிருச்சே."

கடைசியில் டொக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இடுப்பில் டிஸ்க் தேய்ந்து, பிதுங்கி, நரம்பை நெரித்துக்கொண்டிருந்தது.

"என்ன செஞ்சீங்க?"

"கும்புட்டாரு டொக்டர்" என்றாள் என் மனைவி. அண்ணன் சொன்னதை வேதமாக எடுப்பவள்.

"கும்பிட்டா இப்பிடித் தேயாதும்மா. இது வருஷக்கணக்கா பாரம் தூக்கின முதுகு."

டொக்டர் சொன்னதை வீட்டில் ஒருத்தர்கூடக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் எந்தப் பிள்ளை யார் காலில் விழப்போனாலும் ஒரு குரல் வரும்: "பாத்துக் குனி, பெர்மனன்ட் ஆக்கிருவாங்க." எல்லாரும் சிரிப்பார்கள். முதலில் சிரிப்பவன் கணேசன்.

அடுத்த மாதம் என் மகளுக்குக் கல்யாணம். பொண்ணும் மாப்பிள்ளையும் பெரியவர்கள் காலில் விழுவார்கள். அந்தப் பகிடி வரும். என் சம்பந்தி, "அப்பிடியா சங்கதி?" என்று என்னைத் திரும்பிப் பார்ப்பார். மச்சான், நீ தாய்மாமன், மேடையில் நிற்பாய், பக்கத்தில் மைக் இருக்கும். நான் முன்வரிசைக் கதிரையில் இடுப்புப் பட்டியோடு உட்கார்ந்திருப்பேன். எழுந்து வந்து உன்னைப் பிடித்து நிறுத்த எனக்கு முதுகு இல்லை. ஆகவே இப்போதே கேட்டுவைக்கிறேன். அந்த மூட்டையின் மறுமுனையை விட்டது யார்? இரண்டு வீட்டாரும் கேட்க, மைக்கில் சொல்.