எமன் ஓவர்டேக் செய்யாத கார்

ஞாயிற்றுக்கிழமை காலை மாரெட்பள்ளியில் மூன்று தெருவுக்குக் கார்கள் வரிசை கட்டி நின்றன. பெட்ரோல் இலவசமோ என்று ஓடி வந்துவிடாதீர்கள். செல்லப்பா சுவாமிகள் வாகனங்களுக்குச் செப்புத் தகடு ஒட்டுகிறார்! ஒட்டிய வண்டியை எமனே ஓவர்டேக் செய்ய முடியாதாம். ஒரே நிபந்தனை, சீட் பெல்ட் போடக் கூடாது. போட்டால் நம்பிக்கை இல்லை என்று தகடு கோபித்துக்கொள்ளும்.

இந்த விஞ்ஞானத்துக்கு முதல் சீடர் திருநாவுக்கரசு. பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் தர ஆய்வாளர். ஒரு திருகாணியை மூன்று முறை சோதிக்காமல் கையெழுத்துப் போட மாட்டார். தகட்டுக்கு மட்டும் சோதனை கிடையாது. படித்தவராயிற்றே!

தகடு வந்ததும் அவர் கால் ஆக்ஸிலரேட்டரிலேயே குடியேறியது. போன வாரம் ரிங் ரோட்டில், நூற்றிருபது வேகத்தில், இடப்பக்கமாகப் புகுந்து ஒரு சிமெண்ட் லாரிக்குக் குறுக்கே பாய்ந்தார். லாரி அலறிக்கொண்டு நின்றது. கார் வெட்டித் திரும்பியதில், பின்சீட்டிலிருந்த மகள் வர்ஷினியின் நெற்றி கண்ணாடியில் மோதிப் புடைத்தது. லாரிக்காரர் இறங்கி வந்து, தெலுங்கில் அவருடைய பரம்பரையை விசாரித்தார்.

"பாத்தியா, தகடு காப்பாத்திடுச்சு!" என்றார் திருநாவுக்கரசு.

"தகடு நம்ம வண்டியில. பிரேக் போட்டது அந்த வண்டி" என்றாள் மனைவி வசந்தகுமாரி.

"திங்கக்கிழமை விஜயவாடாவுக்கு இந்தக் கார்ல நேனு ரானு டாடி, வரவே மாட்டேன். ட்ரெயின்ல போலாம்" என்று நேற்றுகூட மகள் கெஞ்சினாள். எடுபடவில்லை. இன்று திருநாவுக்கரசு சுவாமிகளின் மேடையேறி அற்புதத்துக்குச் சாட்சி சொன்னார். அவர் வாயில் ஒரு லாரி இரண்டு லாரியாகியிருந்தது. கைதட்டல் பறந்தது.

வசந்தகுமாரி எழுந்தாள். "சாமி, நாளைக்கு என் பொண்ணு இந்தக் கார்ல வரணும். இன்னிக்கு ஒரு ரவுண்டு நீங்க முன்சீட்டுல உட்காருங்க. தகடு இருக்கு, பெல்ட் வேண்டாம். இவரே ஓட்டுவார், அதே நூற்றிருபது."

"நக்கோம்மா, வேண்டாம். இன்னிக்கு எனக்கு மௌன விரதம்."

"இப்பத்தானே ஒரு மணி நேரம் பேசினீங்க?"

"ஏறுங்க சாமி, வீடியோ எடுக்கறோம்!" என்று பக்தர்களே அன்போடு தள்ளி ஏற்றிவிட்டார்கள்.

திருநாவுக்கரசு எஞ்சினைக் கிளப்பினார். ஒரு முறை உறுமவிட்டார். கூட்டம் மூச்சைப் பிடித்தது.

'டக்!'

எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். சுவாமிகளின் ருத்திராட்சத்துக்குக் குறுக்கே கறுப்பு பெல்ட், கச்சிதமாக.

"தகடு கோபிச்சுக்காதா சாமி?"

"கோபிச்சா கோபிச்சுக்கட்டும்மா! உன் வீட்டுக்காரர் ஓட்டுற லட்சணத்தைத்தான் இப்ப அவர் வாயாலேயே கேட்டேனே!"

திருநாவுக்கரசுக்குக் காது சிவந்தது. சொந்த மகளின் நெற்றி சொல்லியும் கேட்காதவருக்கு, சுவாமிகளின் பெல்ட் சொன்னதும் கேட்டுவிட்டது. எஞ்சினை அணைத்தார். விஜயவாடாவுக்கு ரயிலில் மூன்று இடம் இருக்கிறதா என்று கைப்பேசியில் தேட ஆரம்பித்தார். வரிசையில் நின்ற கார்கள் ஒவ்வொன்றாக ரிவர்ஸ் எடுத்தன.

அருள்வாக்கு சொல்பவரின் வாயையே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள் ஐயா. ஆபத்து என்றதும் அவர் கை எங்கே போகிறது என்று பாருங்கள்; அப்புறம் கும்பிடலாமா என்று யோசியுங்கள்.