முயலுக்கு மட்டும் அனுமதி

என் மனைவியை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவள் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் கரடியாக இருந்தாள். நான்கு வயது மகள், சட்டைப் பொத்தான்களைத் தேன் என்று சொல்லி அவளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். வேலைக்குக் கிளம்பிய என் கணுக்காலைப் பிடித்துக் கரடி “உர்ர்” என்றது. சாயங்காலத்துக்குள் அவள் இதயம் நின்றுவிட்டது.

அதன்பின் மகள் பேசவில்லை. மருத்துவர் எங்களைக் குழந்தைகள் விளையாட்டுச் சிகிச்சை மையத்துக்கு அனுப்பினார். அப்போது அதுதான் நாகரிகம். வரிசையில் பக்கத்திலிருந்த அம்மாள் பெருமையாகச் சொன்னார்: “எங்க பையனுக்கு ஒண்ணுமே இல்லீங்க. எதிர்வீட்டுப் பையன் வர்றான். நாம மட்டும் சும்மா இருந்தா நல்லாவா இருக்கும்?”

மையத்தில் பொம்மைகள் ஏராளம். குழந்தைகள் உடைத்துவிடக் கூடாதென்று எல்லாவற்றையும் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்திருந்தார்கள்.

“பெற்றோர் ரெண்டு பேரும் பங்கேற்கணும். அம்மா எங்க?” என்றார் விளையாட்டு அதிகாரி.

“இறந்துட்டாங்க சார்.”

“அது வராததுக்குக் காரணம், சரி. வராம இருக்க அனுமதி வாங்கினீங்களா?”

“யார்கிட்ட சார் வாங்கறது?”

அவர் இரக்கமுள்ளவர். ஆழ்ந்து பரிசீலித்து, என் பக்கத்தில் ஒரு காலி நாற்காலியைப் போடச் சொல்லி, அதில் ‘தாயார்’ என்று அட்டை ஒட்டினார். பிரச்சினை விதிகளுக்கு உட்பட்டுத் தீர்ந்தது.

அடுத்து எனக்குப் பயிற்சி.

“முயல் மாதிரி குதிங்க.”

“எங்க பாப்பாவுக்குக் கரடிதான் சார் பழக்கம்.”

“கரடிக்கு ஒப்புதல் வரல. முயலுக்கு மட்டும்தான் அனுமதி. முழங்காலை மடக்குங்க... காது எங்க சார், காது?”

வாரா வாரம் குதித்தேன். மற்ற பெற்றோர் சுவரோரம் கைபேசியைப் பார்த்தபடி பங்கேற்றார்கள். மகள் நேராகப் போய் அதிகாரியின் மேஜைக்கு அடியில் உட்கார்ந்துகொள்வாள். முயலை ஏறெடுத்தும் பார்க்கமாட்டாள்.

“அடுத்த வாரமும் பேசலேன்னா தலைமை மையத்துக்கு அனுப்பிடுவோம். அங்கேயே தங்கணும்” என்றார் அதிகாரி.

“நான் கூட இருக்கலாமா சார்?”

“ஒத்தைப் பெற்றோருக்கு அங்க இடமில்ல.”

அடுத்த வாரம் அவர் உத்தரவில் கையெழுத்துப் போடக் குனிந்தார். மேஜைக்கு அடியிலிருந்து “உர்ர்” என்று ஒரு சத்தம். ஏதோ ஒன்று அவர் கணுக்காலைப் பிடித்தது.

“ஐயோ, நாய்!” என்று அவர் நாற்காலிமேல் ஏறினார். நான் மேஜைக்கு அடியில் புகுந்தேன்.

“அப்பா, குதிக்காத” என்றாள் மகள். “இனிமே நான்தான் கரடி. தேன் குடு.”

சட்டையிலிருந்து ஒரு பொத்தானைப் பிய்த்துக் கொடுத்தேன்.

“பார்த்தீங்களா, முயல் வேலை செஞ்சிருச்சு!” என்றார் அதிகாரி, மேலே நின்றபடியே.

ஆண்டு விழாவில் சிறந்த பங்கேற்புக்கான விருதை எங்கள் காலி நாற்காலிக்குக் கொடுத்தார்கள். ஒரு வாரமும் தவறவில்லை, பாதியில் எழுந்து போகவில்லை, கைபேசியைத் தொடவே இல்லை என்று பாராட்டுரையில் சொன்னார்கள். எல்லாப் பெற்றோரும் கைதட்டினார்கள். வரிசையில் பார்த்த அந்த அம்மாள் என்னிடம் ரகசியமாகக் கேட்டார்: “அந்த நாற்காலி எங்கங்க கிடைக்கும்? நாங்களும் ரெண்டு வாங்கி அனுப்பிடலாம்னு பாக்குறோம்.”

மகளுக்கு இப்போது மூச்சுவிடாத பேச்சு. அந்தச் சட்டை என் அலமாரியில் இருக்கிறது. மேலிருந்து இரண்டாவது பொத்தான் இல்லை.