கேட்லாக் விலையில் ஒரு வரன்

மனிதரின் மதிப்பைப் பிழையில்லாமல் சொல்லும் நூல் உலகில் ஒன்றுதான் உண்டு. அது பிரிட்டிஷ் தபால்தலைகளின் விலை கேட்லாக். வேதியியலில் பட்டம் வாங்கியும், இதை நான் ஒரு வெள்ளிக்கிழமை காலையில்தான் கற்றேன்.

அன்று பள்ளுருத்தியிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். பையன் வெங்கிடேஷ். அவன் அப்பா ஹரிநாராயணன் மாமா, ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. ஜாதகம் வைக்க வேண்டிய இடத்தில் அவர் கேட்லாக்கை வைத்தார். அதன் மேல் ஒரு ஆல்பம்.

"எங்க சைடுல சொத்து இதாக்கும். எல்லாம் பிரிட்டிஷ் ஸ்டாம்ப். கேட்லாக் பிரகாரம் முப்பத்திரண்டு லக்ஷம்."

"பதினோராயிரம் கூட்டிக்கோங்கோப்பா," என்றான் வெங்கிடேஷ், போனைப் பார்த்தபடி. "பவுண்ட் ஏறியிருக்கு."

மட்டாஞ்சேரியில் எங்கள் வீடு வந்து சேர்வதற்குள் மாப்பிள்ளை விலையேறியிருந்தார்.

மாமா வரதட்சணைக்கு எதிரி. அவரே சொன்னார். அவர் கேட்டது 'தரச் சமன்பாடு' மட்டும்: அந்தப் பக்கம் ஆல்பம், இந்தப் பக்கம் அதே மதிப்புக்கு நகை. பிறகு என் தரத்தை ஆராய்ந்தார்.

"பொண்ணுக்கு முன்னாடி ஒரு நிச்சயம் முடங்கித்து, இல்லையா நாணு சார்?"

"ஆமாம். அந்தப் பையன் கானடாவுல வேற கல்யாணம் பண்ணிண்டான்," என்றார் அப்பா.

"அப்போ இது ஒரு ஆல்பத்துல ஒட்டிப் பிரிச்ச ஸ்டாம்ப். தபால் சீல் விழல்லை, சரி. ஆனா பின்னால தடம் இருக்குமே? முப்பது சதமானம் கொறையும். அதையும் நகையில சரிக்கட்டிடுங்கோ."

அப்பா கொச்சங்காடியில் மிளகுத் தரகர். ஈர மிளகுக்கு எடையில் கழிவு கொடுத்தே பழகியவர். கொதித்தெழுந்தார் என்று நினைத்துவிட வேண்டாம்.

"முப்பது ஜாஸ்தி. இருபது."

"இருபத்தஞ்சு."

எனக்குக் கூச்சம் அதிகம். அதனால் சாயாத் தட்டைப் பார்த்துக் கேட்டேன்.

"வெங்கிடேஷுக்கு டிவோர்ஸ் ஆயிருக்கே, மாமா?"

மாமாவின் முகம் மலர்ந்தது.

"பலே! அது சீல் விழுந்த ஸ்டாம்ப். சிலதுக்கு சீல் விழுந்தாத்தான் விலை கூடும். இந்தா, இந்தப் பக்கத்தைப் பாரு."

பார்த்தேன். உண்மைதான். அறிவியல் படித்த பழக்கத்தில் முன்னுரையையும் பார்த்தேன். 'இவை நாங்கள் விற்கும் விலைகள். இதே விலைக்கு யாரும் உங்களிடம் வாங்குவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம்' என்று போட்டிருந்தது. உரக்கப் படித்தேன்.

"அப்போ இந்த விலைக்கு யார்தான் வாங்குவா, மாமா?"

"உங்கப்பா," என்றார் மாமா.

இத்தனை நேர்மையான பதிலுக்குப் பிறகு பேச என்ன இருக்கிறது? அப்பா இருபத்திரண்டில் முடித்தார். எல்லாரும் நேந்திரங்காய் வறுவல் தின்றார்கள். என் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. அது அவர்கள் குற்றமல்ல. ஸ்டாம்பிடம் சம்மதம் கேட்கச் சொல்லும் கேட்லாக் இன்னும் அச்சாகவில்லை.

மறுநாள் நானே மாமாவுக்கு எழுதினேன்: 'எனக்கு இஷ்டமில்லை.' கவரில் ஸ்டாம்ப் ஒட்டாமல் பெட்டியில் போட்டேன். ஒட்டாத கவருக்கு, பெறுகிறவர் இரட்டிப்புக் கட்டணம் செலுத்த வேண்டும் என்பது தபால் விதி.

செலுத்தினார். இந்தச் சம்பந்தத்தில் அவர் கையிலிருந்து போன காசு அது ஒன்றுதான்.