ராணியும் அப்பாவும் குத்தகைக்காரர்கள்

"அப்பா, நிலத்துல என் பங்கைக் குடுங்க."

கஞ்சிக் கிண்ணத்தை வாயருகே கொண்டுபோன அப்பா லியூ கம்-சூன் அதை அப்படியே கீழே வைத்தார். அம்மா மேசைக்கடியில் மகளின் தொடையை நறுக்கென்று கிள்ளினாள். எதை வேண்டுமானாலும் கேள், அதை மட்டும் கேட்காதே என்று சொல்லிச் சொல்லி வளர்த்தவள் அவள்தான். லியூ குலத்தில் நிலம் ஆண்பிள்ளைக்கு. பெண்ணுக்குக் கல்யாணத்தன்று தங்க வளையல்.

"அண்ணன் மான்செஸ்டர்ல மீன் வறுத்துக்கிட்டு இருக்கான். நிலத்தைப் பழைய கார் உடைக்கிறவனுக்கு வித்துடுவான்" என்றாள் சுக்-யின். ஊரின் முதல் பட்டதாரி, படித்தது சட்டம்.

'நீ பெண்' என்று சொல்ல அப்பாவுக்கு வாய் வரவில்லை. அவளைச் சைக்கிளில் வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோனவர் அவர். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார்.

"நிலம் என்னுதே இல்லம்மா. வெள்ளைக்கார ராணி இந்தப் பக்கத்து மண்ணையெல்லாம் சீனாகிட்ட தொண்ணூத்தொம்பது வருஷக் குத்தகைக்கு எடுத்தா. நான் ராணிகிட்ட குத்தகை. இன்னும் பதினாலு வருஷத்துல எல்லாமே முடிஞ்சுடும். குத்தகைக்காரன்கிட்ட யாராவது பங்கு கேப்பாங்களா?"

அன்று மாலைக்குள் இந்தப் பேச்சு கீரைப் பாத்திகளை எட்டிவிட்டது. மறுநாள் காலை, அவருடைய நிலத்தில் பயிரிடும் மோக் அக்கா வாசலில் வந்து நின்றாள்.

"ஐயா, நிலம் உங்களுது இல்லையாமே? இனிமே குத்தகையை யார்கிட்ட குடுக்கறதுன்னு தெரியற வரைக்கும் நிறுத்தி வெச்சிருக்கேன்."

அப்பா பதறினார். "சுக்-யின், நீ சட்டம் படிச்சவ, இவளுக்குப் புரியற மாதிரி சொல்லு!"

சுக்-யின் புரிகிற மாதிரியே சொன்னாள். "தொண்ணூத்தேழாம் வருஷம் ஜூன் வரைக்கும் அப்பாவுது. அதுக்கப்புறம் யாருதுன்னு பெய்ஜிங்ல இப்பதான் பேசிக்கிட்டு இருக்காங்க. அவங்களுக்கே தெரியல."

அடுத்த நாள் ஊரில் ஒரு குடியானவர்கூடக் குத்தகை கொடுக்கவில்லை.

நிலக்காரர்கள் கொதித்தார்கள். குலத் தலைவரான பெரியப்பா மூதாதையர் கூடத்தின் முற்றத்தில் எல்லாரையும் கூட்டினார்.

"நீ வாய விட்டதால வந்த வினை! நிலம் உன்னுதுதான்னு இவங்க முன்னாடி சொல்லித் தொலைடா!"

அப்பா எழுந்து தொண்டையைச் செருமினார். "நிலம் என்னுதுதான்! முழுசா என்னுது! யாருக்கு வேணும்னாலும் குடுப்பேன். எவனும் கேக்க முடியாது!"

"அப்ப எனக்குக் குடுங்க" என்றாள் சுக்-யின்.

பெண்கள் பேசாத முற்றம் அது. பெரியப்பா துள்ளினார். "பொம்பளப் புள்ளைக்கா? வழக்கம் என்னாகறது?"

மோக் அக்கா கையிலிருந்த கீரைக்கட்டைக் கீழே வைத்தாள். "அப்ப வழக்கத்தோட நிலமா? ஐயாவுது இல்லையா? சரி, குத்தகையை வழக்கம் வந்து வாங்கிக்கட்டும்."

மற்ற நிலக்காரர்கள் பெரியப்பாவை முறைத்தார்கள். "நீங்க சும்மா இருங்க!"

அப்பா பெரியப்பாவைப் பார்த்தார், மோக் அக்காவைப் பார்த்தார், இடுப்பில் கைவைத்து நிற்கும் மகளைப் பார்த்தார். உதட்டோரம் லேசாகச் சிரிப்பு வந்துவிட்டது.

"குடுத்தேன்! போதுமாடி?"

"போதாது. நாளைக்கு முதல் பஸ்ல நில அலுவலகம். சட்டையத் தேச்சு வையுங்க."

பெரியப்பா ஏதோ கத்தினார். சுக்-யின் காதில் வாங்காமல் முற்றத்தை விட்டு வெளியே நடந்தாள்.

மோக் அக்கா மூச்சிரைக்கப் பின்னாலேயே ஓடிவந்தாள். "அப்பாடா! குத்தகைய நிறுத்துங்கடின்னு உங்கம்மா சொன்னப்ப, இவ்வளவு சீக்கிரம் முடியும்னு நான் நெனக்கல!"