கருவாட்டு வாசத்தின் உயரம்

காற்று எல்லா ஊர்களிலும்தான் வீசுகிறது. ஆனால் அந்தக் காற்றுக்குக் கோப்பு திறந்து, அடுக்குவாரியாகப் பொறுப்பு அலுவலர்களை நியமித்த பெருமை மன்னார் வளைகுடாக் கரையிலுள்ள வெள்ளாழிப்பட்டினம் பேரூராட்சி ஒன்றையே சாரும் என்பதை மிகுந்த பணிவுடன் தெரிவித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இப்பெருமைக்கு வித்திட்டது ஒரு படிவம். 'தூய காற்றுப் பேரூர்' என்னும் விருதுக்கான அந்தப் படிவத்தின் நான்காம் கேள்வி, வளிமண்டலத்தின் அடுக்குகளையும் காற்றின் உட்கூறுகளையும் குறிப்பிடுமாறு கேட்டது. அலுவலகத்தில் இயற்பியல் படித்தவர் இளநிலை உதவியாளர் முனியசாமி ஒருவரே. கல்லூரியில் கற்றது ஒருவழியாக அரசாங்கத்துக்குப் பயன்படப்போகிறது என்று அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. தகுதிகாண் பருவம் முடிய இன்னும் நான்கு மாதங்கள் இருந்தபடியால், தலையை மட்டும் குனிந்தபடி பேரூராட்சிக் கூட்டத்துக்குச் சென்றார்.

"நைட்ரஜன் எழுபத்தெட்டு சதவீதம், ஆக்சிஜன் இருபத்தொன்று, மிச்சம் ஒன்றில் ஆர்கானும் மற்றவையும்" என்று வாசித்தார்.

மூன்றாவது வார்டு உறுப்பினர் ஹசன் அலி குறுக்கிட்டார். "ஏன் தம்பி, நம்ம ஊருக்கு ஆக்சிஜன் இருவத்தொண்ணுதானா? ஏர்வாடிக்கு எம்புட்டு?"

"அங்கயும் இருவத்தொண்ணுதாங்க."

"அப்பச் சரி. அவுகளுக்குக் கூடக் குடுத்திருந்தா விட்டிருக்க மாட்டேன்."

செயல் அலுவலர் குருநாதன் பேனாவை மூடினார். "இந்த ஆர்கான் என்ன வேலை பாக்குது?"

"ஒண்ணும் பாக்காது சார். யார்கூடயும் சேராது. எது நடந்தாலும் அசையாது. சும்மா இருக்கும்."

"இருக்கட்டும், இருக்கட்டும்" என்றார் குருநாதன், அவ்வாயுவின்மீது திடீரென ஏற்பட்ட மரியாதையோடு.

பிறகு அடுக்குகள் பகிர்ந்தளிக்கப்பட்டன. மேகமும் மழையும் தூசியும் புழங்கும் கீழடுக்கு, துப்புரவுப் பிரிவிடம் ஒப்படைக்கப்பட்டது. ஓசோன் வெயிலை வடிகட்டும் மீள் அடுக்கு, வடிகட்டுதலில் முன்னனுபவம் கருதி, குடிநீர்ப் பிரிவுக்குச் சென்றது. விண்கற்கள் எரிந்து சாம்பலாகும் இடையடுக்கைப் பொதுமக்கள் மனுப் பிரிவு தானாகவே கேட்டு வாங்கிக்கொண்டது. வெப்ப அடுக்கு தெருவிளக்குப் பிரிவுக்கு. எல்லாவற்றுக்கும் மேலே உள்ள வெளியடுக்குக்கு நேராக 'பணியிடம் காலி' என்று எழுதப்பட்டது.

"கீழடுக்கு எம்புட்டு உசரம்?" என்று கேட்டார் குருநாதன்.

"நம்ம பக்கம் பதினாறு, பதினேழு கிலோமீட்டர் வரும் சார்."

"அவ்வளவு பெரிய ஏணி நம்மகிட்ட இல்ல. மேல்நிலைத் தொட்டி பதினெட்டு மீட்டர். அதோட நம்ம எல்லை முடியுதுன்னு தீர்மானம் போட்ருங்க."

இயற்கை பதினாறு கிலோமீட்டர் செலவழித்துச் செய்ததைப் பேரூராட்சி பதினெட்டு மீட்டரில் முடித்தது. இத்தகைய சிக்கனம் பாராட்டுக்குரியது.

ஐந்தாம் கேள்வியில்தான் இடறியது. 'காற்றில் துர்நாற்றம் உண்டா?' உண்டு. கடற்கரையில் ராக்கு என்னும் பெண் நெத்திலியும் காரலும் காயப்போடும் கருவாட்டுக் களம் இருந்தது. கச்சான் காற்று கடலிலிருந்து ஊருக்குள் வீசும் மாதங்களில், அதன் வாசம் குருநாதனின் மேசைவரை நேரில் வந்து காத்திருக்கும்.

"அந்த வாசம் நீங்க வாசிச்ச பட்டியல்ல இருக்கா?"

"இல்ல சார். ரொம்ப ரொம்பக் கொஞ்சமா..."

"பட்டியல்ல இல்ல. ஆனா காத்துல இடம் பிடிச்சிருக்கு. காத்து யாருக்கும் பட்டா போடாத அரசாங்கச் சொத்து. அப்ப இது ஆக்கிரமிப்பு."

உலகச் சட்ட வரலாற்றில் முதன்முறையாக ஒரு வாசத்துக்கு நோட்டீஸ் தயாரானது. அதைக் கொடுக்க முனியசாமியே அனுப்பப்பட்டார். ராக்கு நெத்திலியைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். கணவன் போனபின் அவளும் இரண்டு பெண் பிள்ளைகளும் சாப்பிட்டது அந்தக் களத்தில் காய்ந்ததைத்தான்.

"ஏழு நாளைக்குள்ள ஆக்கிரமிப்ப அகற்றணும்னு இருக்குக்கா."

"ஏலே, களம் எம் மாமனார் பேர்ல பட்டா நெலம். நான் எங்கன ஆக்கிரமிச்சேன்?"

"நிலத்துல இல்லக்கா. வானத்துல."

ராக்கு ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள். "எம்புட்டு உசரத்துக்கு ஆக்கிரமிச்சிருக்கேனாம்? அளந்தியா? அளக்காம நோட்டீஸ் கொண்டாந்திருக்க, நீயெல்லாம் படிச்ச பிள்ள."

முனியசாமி தலைகுனிந்தபடி திரும்பினார். கேள்வி நியாயமானதென்று குருநாதனும் ஒப்புக்கொண்டார். ஆக்கிரமிப்பு என்றால் நீளம், அகலம், உயரம் இல்லாமல் கோப்பு நகராது. அளவீட்டுக் கருவி வாங்க நிதி ஒதுக்கீடு இல்லாததால், முனியசாமியின் மூக்கு அலுவல்முறைக் கருவியாக அறிவிக்கப்பட்டது.

மறுநாள் காலை, குறிப்பேட்டுடன் அவர் மேல்நிலைத் தொட்டியில் ஏறினார். ஒவ்வொரு மூன்று மீட்டருக்கும் நின்று, கண்ணை மூடி, மூச்சிழுத்து, எழுதினார். மூன்று மீட்டர்: நெத்திலி. ஆறு மீட்டர்: நெத்திலி, சிறிது காரல். ஒன்பது மீட்டர்: காரல், ஐயத்துக்குரியது. பன்னிரண்டு மீட்டர்: உப்புக்காற்று மட்டும். பதினெட்டாம் மீட்டரில், தொட்டியின் உச்சியில், அவர் எதிர்பாராத ஒன்று வந்து முகத்தில் அறைந்தது. ஊர் ஓரத்திலிருந்த மீன்மாவு ஆலையின் புகை. கண்ணில் நீர் வழிய, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, இருமியபடியே எழுதினார்: 'மூச்சுவிட இயலவில்லை.'

விசாரணை நாளன்று ராக்கு அலுவலகத்துக்கு வந்தாள். குருநாதன் அறிக்கையைப் புரட்டினார்.

"ஒன்பது மீட்டர் ஆக்கிரமிச்சிருக்கீங்கம்மா."

"சார், ஐப்பசில வாடைக்காத்து எடுத்துட்டா எல்லா வாசமும் கடலுக்குப் போயிரும். அது வரைக்கும் பொறுங்க. இந்தக் களம் போச்சுன்னா மூணு சீவனுக்குச் சோறு இல்ல."

"காத்து எப்பத் திரும்பணும்னு நாம தீர்மானம் போடலியேம்மா."

"அப்ப அந்த ஆலை? அது கக்குற பொகையில எம் பிள்ளைக ரெண்டும் இருமுதுக. அதுக்கு ஏன் நோட்டீஸ் இல்ல?"

குருநாதன் பொறுமையாக விளக்கினார். "அவங்க புகைபோக்கி முப்பது மீட்டர். நம்ம எல்லை பதினெட்டு. நம்ம எல்லைக்குள்ள அவங்க ஒரு துளிகூட விடல. சட்டத்த மதிக்கிறவங்க."

"மேல விட்டாலும் எங்க தலையிலதான சார் எறங்குது?"

"எறங்குனப்புறம் அது யார் வீட்டுப் புகைன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? முப்பது மீட்டர் விவகாரமெல்லாம் மேலடுக்கு. வெளியடுக்கு அலுவலருக்கு மனு குடுங்க."

"அவரு எங்க இருக்காரு?"

"இன்னும் நியமிக்கல."

ராக்கு குருநாதனை விட்டுவிட்டு முனியசாமியைப் பார்த்தாள். "நீ ஏறிப் பாத்தேல்ல தம்பி? மேல என்ன இருந்துச்சுன்னு சொல்லு."

முனியசாமி வாய் திறந்தார். செயல் அலுவலரைப் பார்த்தார். தகுதிகாண் பருவத்தை நினைத்தார். "எழுதியிருக்கேன்க்கா" என்று மட்டும் சொன்னார். பதினெட்டாம் மீட்டர்க் குறிப்பு, சரியாக எல்லைக்கோட்டின் மேல் அமைந்துவிட்டதால், ஏற்கெனவே சிவப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தது. ராக்கு சேலைத் தலைப்பை உதறிச் செருகிக்கொண்டு வெளியேறினாள்.

அன்று மாலை அகற்றுதல் ஆணை முனியசாமியின் மேசைக்கு வந்தது. பெயர், முகவரி, பரப்பு எல்லாவற்றையும் தமது அழகிய கையெழுத்தில் நிரப்பினார். 'அகற்றப்படுவதற்கான காரணம்' என்ற கட்டத்தில் பேனா நின்றது. எல்லோரும் எழுதுவதைப்போல் 'பொதுநலன்' என்று எழுதியிருக்கலாம். தொட்டியின் உச்சியில் வந்த இருமல் அந்நேரம் பார்த்துத் திரும்பவும் வந்தது. இருமி முடித்து, துளியும் அடித்தல் திருத்தல் இன்றி எழுதினார்:

'மேற்படி ராக்குவிடம் புகைபோக்கி இல்லை.'

குருநாதன் வழக்கம்போல் வாசிக்காமல் கையொப்பமிட்டு, வட்ட முத்திரையும் வைத்தார். அந்த அலுவலகத்திலிருந்து இதுவரை வெளியான ஆணைகளில் எழுத்துக்கு எழுத்து உண்மையானது அது ஒன்றுதான்.