கன்மேன் துலுக்காணம் சார்

இனிமேல் தன்னை ஒரு பயலும் ‘வாச்மேன்’ என்று கூப்பிடக் கூடாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கறிக்குழம்பை இரண்டாம் தடவை ஊற்றிக்கொள்ளும்போது துலுக்காணம் இப்படி முடிவெடுத்தான். வயிறு நிறைந்தால்தான் அவனுக்கு வீரம் வரும்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு இரும்புக் கம்பெனி கேட்டில் அவனுக்கு வேலை. லாரிக்காரனிலிருந்து டீக்கடைக்காரன் வரை எல்லாருக்கும் அவன் ‘யோவ் வாச்மேன்’தான். பக்கத்து வீட்டு எட்வர்ட்டும் செக்யூரிட்டிதான். ஆனால் அவன் எளாவூர்ப் பக்கம் ஒரு பேங்க் வாசலில் இரட்டைக்குழல் துப்பாக்கியோடு உட்கார்ந்திருக்கிறான். அதனால் அவன் ‘கன்மேன் சார்’. கொடுமை என்னவென்றால், துலுக்காணத்தின் சொந்தப் பெண்டாட்டி வினோதாவே அவனிடம், “சார், உங்க ஊட்ல தண்ணி வருதா?” என்றுதான் கேட்பாள். கட்டின புருஷன் யோவ், பக்கத்து வீட்டுக்காரன் சார்! எந்த மனுஷனுக்குப் பொறுக்கும்?

“நானும் கன்மேன் ஆவப் போறேன்மே,” என்றான். “துப்பாக்கிய பத்திரமா கையாள்றதுக்கு திருவள்ளூர்ல ஒரு கோர்ஸ் கீது. கடைசில டெஸ்ட்டு. அதுல பாஸ் பண்ணாதான் லைசென்சுக்கே எழுதிப் போட முடியும்.”

“நீயா? தீபாவளிக்கு ஊசி வெடி வெடிச்சாலே கட்டிலுக்கு அடியில பூந்துக்குவ!”

“அது பண்டிக. இது கடமை. கேட்டுக்கோ. நான் பாஸ் பண்ணிட்டா, கிச்சன் பக்கமே கால் வெக்க மாட்டேன். காபி படுக்கைக்கு வரணும். நீ என்னிய சார்னுதான் கூப்டணும்.”

வினோதாவுக்கு ஷூ கம்பெனியில் வேலை. பொழுது விடியுமுன்னே கம்பெனி பஸ் தெருமுனையில் வந்து ஹாரன் அடிக்கும். அதற்குள் நாஷ்டா, மதியச் சோறு எல்லாம் அவள் ஒருத்தியே செய்ய வேண்டும். துலுக்காணம் செய்கிற ஒரே உதவி வெங்காயம் உரிப்பது. இப்போது அதற்கும் ஆபத்து.

“சரிய்யா,” என்றாள். “ஆனா ரூல்னா ரூலு. நீ படிக்கிற ரூல நீயே மீறக் கூடாது.”

“எல்லையம்மன் மேல சத்தியம்!”

கோர்ஸ் ஆரம்பித்தது. வீட்டில் ஒத்திகை பார்க்கத் துப்பாக்கிக்கு எங்கே போவது? விசை வைத்த கேஸ் லைட்டரை வினோதாதான் எடுத்து நீட்டினாள்.

“கைப்பிடி கீது, குழல் கீது, அமுக்குனா நெருப்பு வருது. இன்னா கொறச்சல்? சொல்லு, துப்பாக்கிய எப்பவும் எப்டி நெனைக்கணும்?”

“குண்டு போட்டு வெச்ச மாதிரியே நெனைக்கணும்.”

“வெரலு?”

“சுடற வரிக்கும் விசைக்கு வெளிய.”

“மூஞ்சி எந்தப் பக்கம் இருக்கணும்?”

“எம் மூஞ்சியா?”

“துப்பாக்கி மூஞ்சிய்யா!”

“சுடக் கூடாதவங்க பக்கம் நீட்டவே கூடாது.”

“அப்போ எம்மேல எதுக்கு நீட்டிக்கினு கீற?”

துலுக்காணம் அவசரமாக அடுப்புப் பக்கம் திருப்பினான்.

“ஆங். இப்போ சிலிண்டர பாரு. அடுப்புக்குப் பின்னாடி எண்ணெ, துணி எதுனா கீதானு பாரு. பாத்துட்டியா? சுடு!”

டப்பென்று அடுப்பு பற்றிக்கொண்டது. துலுக்காணத்துக்கு உடம்பு சிலிர்த்தது.

“பத்த வெச்சது வீணாப் போவுது. கல்லப் போட்டு ஒரு தோசையும் சுட்டுடு. குறி தவறாம.”

முதல் தோசை ஆந்திராவரைக்கும் இழுத்துக்கொண்டு போனது. ஆனால் ஒத்திகை தினமும் நடந்தது. தோசை மெல்ல மெல்ல வட்டத்துக்கு வந்தது. நடுவில் ஒரு நாள் டீ போட அவள் லைட்டரை எடுத்தபோது பாய்ந்து பிடுங்கிக்கொண்டான்.

“தே, தொடாத! பயிற்சி எடுத்தவன தவிர ஆயுதத்த வேற யாரும் தொடக் கூடாது. ரொம்ப முக்கியமான ரூலு!”

“அப்டியா?” வினோதா கண்ணை அகல விரித்தாள். “இன்னொரு வாட்டி சொல்லு.”

சொன்னான். ரொம்பப் பெருமையாகச் சொன்னான்.

டெஸ்ட் நாளும் வந்தது. தேர்வு வைத்தவர் பட்டாளத்தில் இருந்து ரிட்டையர் ஆனவர். அவர் மீசையைப் பார்த்ததுமே துலுக்காணத்துக்குப் படித்ததெல்லாம் போன இடம் தெரியவில்லை. அவர் ஒரு ரிவால்வரை மேஜைமேல் வைத்தார்.

“இதைக் கையில எடுத்ததும் முதல் வேலை என்ன?”

துலுக்காணத்தின் கண் முன்னால் சமையலறை மட்டும்தான் நின்றது. வாய் தானாகச் சொன்னது. “சிலிண்டர் பாக்கணும் சார்!”

“சபாஷ்!” ரிவால்வரில் குண்டு போடுகிற உருளைக்கும் சிலிண்டர் என்றுதான் பெயர். “அப்புறம்?”

“பின்னாடி இன்னா கீதுனு பாக்கணும் சார்.”

“வேலை முடிஞ்சதும்?”

“மூடிட்டு, தொடச்சி, எட்டாத எடத்துல வெக்கணும் சார்.”

“இவ்வளவு தெளிவா யாருமே சொல்லலய்யா. பாஸ்!”

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் மட்டும் இல்லாவிட்டால் நான் என்ன ஆகியிருப்பேன் என்று மல்லிப்பூவும் மைசூர்பாகும் வாங்கிக்கொண்டு போனான். அவளுக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. எட்வர்ட் வீட்டுக்கே போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

மறுநாள் விடிகாலை. துலுக்காணம் போர்வைக்குள்ளிருந்து குரல் கொடுத்தான்.

“வினோதா, காபி!”

“இதோ சார்!”

சார்! அந்த ஒரு வார்த்தை காதில் தேனாகப் பாய்ந்தது. காபிதான் வரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுந்து போனான். வினோதா தலை வாரி, பூ வைத்து, பையை மாட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

“இன்னாமே, காபி?”

“பாலு ரெடி, தூளு ரெடி சார். அடுப்புதான் பத்த வெக்கணும். லைட்டரு உங்க ஆயுதமாச்சே. பயிற்சி இல்லாத பொம்பள நான் தொடலாமா?”

“தீப்பெட்டி கீதே!”

“லைட்டர் கீற ஊட்ல தீப்பெட்டி எதுக்கு சார்? நேத்தே பக்கத்து ஊட்டுக்குக் குடுத்துட்டேன்.”

“கிச்சன்ல கால் வெக்க மாட்டேன்னு சொன்னனேமே!”

“அம்மன் மேல நீங்க சத்தியம் பண்ணது ரூலுக்கு சார், காலுக்கு இல்ல.”

துலுக்காணம் மேல் தட்டிலிருந்து லைட்டரை எடுத்தான். விரல் விசைக்கு வெளியேதான் இருந்தது. குனிந்து சிலிண்டரைப் பார்த்தான்.

“பஸ் வர்றதுக்குள்ள,” வினோதா டிபன் டப்பாவைத் திறந்து பக்கத்தில் வைத்தாள், “அப்டியே நாலு தோசையும் சுட்டுடுங்க, கன்மேன் சார்!”